அரைக்காத மக்காச்சோளம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் எஸ்டேட்டில் எல்லோருக்கும் லீவு. எனக்கு அது மக்காச்சோளம் அரைக்கிற நாள். காலையில் துணி துவைத்து, சமையலை முடித்து, பத்து மணிக்கு மேல் பின்கட்டு அறைக்குள் போனேன் என்றால் வெளியே வர மத்தியானம் ஆகிவிடும். தலைமுடி, புருவம், ஸ்வெட்டர் எல்லாம் மஞ்சள் பூத்துப்போய் வருவேன். என் கணவர் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, மஞ்சத் தண்ணி ஊத்துனாப்ல இருக்கறயே" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பிலேயே இருமலும் சேர்ந்து வர ஆரம்பித்தது எப்போது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஆடி மாதத்துக்கு முன்பே இருக்க வேண்டும்.

நான் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் கிரீச்சில் வேலை பார்க்கிறேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த என் அப்பா இன்னமும் அதைப் 'பிள்ளைக்காம்பரா' என்றுதான் சொல்வார். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலை ஏழரைக்குக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பால் கொடுக்க நடுவில் ஒருமுறை வருவார்கள். மற்ற நேரமெல்லாம் அந்தப் பிள்ளைகள் என் மடியில், என் தோளில், என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். இப்போது பாதிப் பேர் ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்குத் தாலாட்டுவதற்கு நானும் இரண்டு வரி இந்தி கற்றுக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் கொழுந்து லாரி ஓட்டுகிறவர். மேட்டுப்பாளையத்துக்காரர். அவருடைய வீட்டில் அந்தக் காலத்திலிருந்தே ஆடு வளர்ப்பார்கள். எஸ்டேட்டின் லைன் வீட்டை விட்டு ரோட்டோரத்தில் சின்னதாக இடம் வாங்கி வீடு கட்டியதும் அவர் முதலில் செய்த வேலை, பின்னால் சரிவில் மரப்பலகைகளை இடைவெளி விட்டு அடித்து உயரமான கொட்டகை போட்டதுதான். புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆட்டுக்குக் காலில் ஈரம் படாது. அதில் பன்னிரண்டு செம்மறிப் பெட்டைகளும் ஒரு கிடாவும் இருந்தன. எல்லாம் இந்த மலை ஜாதி. வெள்ளை ரோமம், தொங்குகிற காது, மழையை ஓரளவு தாங்கும்.

தாங்கும் என்றாலும், எங்கள் பக்கத்து மழையில் நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல மேய்ச்சலுக்கே விட முடியாது. புல்லெல்லாம் தண்ணீராக இருக்கும். அட்டை வேறு. பெட்டைகள் எல்லாம் சினையாக இருந்ததால் வெறும் புல்லை அறுத்துப் போட்டால் பற்றாது என்று, குண்டல்பேட்டைப் பக்கத்திலிருந்து மக்காச்சோளம் மூட்டையாக வரவழைத்தார். தவிடும் புண்ணாக்கும் அதோடு சேரும். சோளத்தை அரைக்க, கூடலூரில் மூடிப்போன ஒரு மில்லிலிருந்து பழைய மெஷின் ஒன்றையும் வாங்கிப் பின்கட்டில் வைத்தார்.

"நைசா இருக்கோணும். எங்கூர்ல சலிச்ச மாவு கணக்கா அரைப்பாங்க. அப்பத்தான் ஒடம்புல ஒட்டும்" என்பார்.

நைசாக அரைக்க அரைக்கத் தூசியும் நைசாகும். மழை பெய்கிறபோது ஜன்னலைத் திறந்தால் மாவில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும் என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் மெஷினைப் போடுவேன். பல்பு வெளிச்சம் தூசிக்கு நடுவில் புகைமாதிரி தெரியும். அது என் நெஞ்சுக்குள் போகிறது என்று ஒரு நாள்கூட நான் நினைத்ததில்லை. மாவுதானே, சாப்பிடுகிற சாமான்தானே என்று இருந்துவிட்டேன்.

இருமல் முதலில் வறட்டு இருமலாக வந்தது. மழைக்காலத்தில் எஸ்டேட்டில் யார்தான் இருமவில்லை? மிளகும் சுக்கும் போட்டுக் குடித்தேன். அதற்குப் பிறகு மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். உடம்பும் கொஞ்சம் இளைத்தது. மூன்று வாரம் தாண்டியபோது, பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த நோட்டீஸ் என் கண்ணில் பட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சளியைப் பரிசோதியுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. எத்தனையோ வருஷமாக அங்கே இருக்கிற நோட்டீஸ்தான். அன்றைக்குத்தான் அது எனக்கு எழுதியது மாதிரி இருந்தது.

டிபி என்ற வார்த்தையை நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என்னைப் பற்றிய பயம் அப்புறம்தான். முதலில் கண்முன் வந்தது தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள்.

இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தச் சந்தேகம் வந்த பிறகும் நான் எட்டு நாள் வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இருமல் வந்தால் பின்வாசலுக்கு ஓடிப் போய்விட்டு வருவேன். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, "குளிருக்குத்தான்" என்றேன். பிள்ளைகளின் முகத்துக்கு நேராகக் குனிவதை நிறுத்தினேன். ஒன்றரை வயசுப் பையன் ஒருவன் முத்தம் கேட்டுக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் அவனுடைய உள்ளங்காலில் கிள்ளி விளையாட்டுக் காட்டி அனுப்பினேன். சொன்னால் வேலை போய்விடும், வேலை போனாலும் பரவாயில்லை, கூடவே பேரும் போய்விடும் என்று பயந்தேன். லைனில் ஒரு வீட்டுக்கு அந்தப் பேர் வந்துவிட்டால் தண்ணீர்க் குழாயில்கூட நமக்கு முன்னால் நிற்பவர்கள் ஒரு அடி தள்ளி நிற்பார்கள்.

ஒன்பதாவது நாள் காலையில் ஒரு பெண் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஜார்க்கண்ட்காரி, இருபது இருபத்தொரு வயசிருக்கும். ஆறு மாதக் கைக்குழந்தை. என்னிடம் தினமும் சிரித்துக்கொண்டே குழந்தையை நீட்டுகிறவள் அன்று நீட்டவில்லை.

"அக்கா, இருமல்... நெறய நாள்" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். தேடித் தேடிச் சொன்னாள். "பாப்பா சின்னது அக்கா. கோவம் இல்ல."

கோபப்படாதே என்கிறாளா, எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்கிறாளா, தெரியவில்லை. குழந்தையை முதுகில் துணியால் கட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, சாரல் மழையில் மலைச்சரிவில் ஏறிப் போனாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. அவள் போவது சரி என்று எனக்குத் தெரிந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அந்த நீலத் தாள் மட்டும் வெகுநேரம் தெரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே ஆபீசில் போய் உண்மையைச் சொல்லி லீவு எழுதிக் கொடுத்தேன். கிளார்க் எதுவும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்ட பேனாவை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "வச்சுக்கோங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து எனக்கென்று ஒரு டம்ளர், ஒரு தட்டு எடுத்துத் தனியாக வைத்தேன். சாயங்காலம் லாரியை நிறுத்திவிட்டு வந்த கணவரிடம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு அடுப்படிக்குப் போய், நான் தனியாக வைத்திருந்த டம்ளரிலேயே தண்ணீரை மொண்டு குடித்தார். அது அன்பா, மறதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"நாளைக்கு நானும் வர்றேன். லீவு சொல்லிக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சளி எடுக்க மூடி போட்ட சின்ன டப்பா கொடுத்தார்கள். முடிவு தெரிய இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு நாளும் நான் ஆட்டுக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் இருந்தால் எதைத் தொட்டாலும் தொற்றிவிடுமோ என்று தோன்றியது. ஆடுகளுக்கு நம் வியாதி வராது என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு அவற்றோடு இருந்தேன். சினை ஆடுகள் என் பக்கத்தில் வந்து படுத்து அசை போடும். கொட்டகைக்குள் அவற்றின் வெதுவெதுப்பு. வெளியே மழை. பயம் இருந்தாலும் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் போனோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "சளியில கிருமி இல்லம்மா. எக்ஸ்ரேயும் சுத்தமா இருக்கு. டிபி இல்ல" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. என் கணவர் தன் மப்ளரைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நாங்க போலாங்களா?" என்று கேட்டார்.

"உக்காருங்க" என்றார் டாக்டர். "டிபி இல்லன்னா வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம். இந்த மூச்சு விசில் அடிக்குதே. எந்த நேரத்துல ஜாஸ்தி?"

"சாயங்காலம் ஜாஸ்திங்க."

"எந்தக் கிழமை?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். திங்கள், செவ்வாயில்தான் பின்வாசலுக்கு அதிகமாக ஓடியிருந்தேன். வியாழன் வெள்ளியில் கொஞ்சம் தேவலை. சனிக்கிழமை சில நேரம் இருமலே இருக்காது.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆரம்பிச்சா திங்கக்கிழம பூரா இருக்குங்க" என்றேன்.

"ஞாயித்துக்கிழம என்ன பண்றீங்க?"

"துணி துவைப்பேன். சமைப்பேன். ஆட்டுக்கு மக்காச்சோளம் அரைப்பேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எங்கே அரைப்பேன், எவ்வளவு நேரம், ஜன்னல் திறந்திருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்றார் டாக்டர். உறிஞ்சி இழுக்கிற மருந்து கொடுத்து, எப்படி இழுப்பது என்று காட்டினார். "மருந்து பாதிதான். இன்னொரு பாதி, அந்த ரூமுக்குள்ள நீங்க போகவே கூடாது" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். நடுவட்டம் வளைவு ஏறும்போது கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில் அடித்தது. எதிர் சீட்டில் ஒரு அம்மா, "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, நல்லா இருக்கேன்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லி எத்தனை நாளாகியிருந்தது!

வியாதிக்குப் பேர் தெரிந்துவிட்டது. ஆனால் பன்னிரண்டு சினை ஆடுகளுக்குத் தீனி வேண்டுமே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் தானே மெஷினைப் போட்டார். என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டார். அரைமணி நேரத்தில் அவரும் தும்மிக்கொண்டே வெளியே வந்தார். மெஷினை வெளியே திண்டில் வைத்து ஓட்டிப் பார்த்தார். சாரல் பட்டு மோட்டார் நின்றுவிட்டது. கூடலூர் மில்லுக்கு மூட்டையைக் கொண்டுபோனார். அங்கே மிளகாய் அரைத்த மெஷினில் அரைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆடுகள் மோந்து பார்த்துத் தும்மிவிட்டு ஒதுங்கின.

"முழுசாவே போட்டா என்னங்க?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன கிறுக்கா? முழுசாப் போட்டா முழுசாவே வெளிய வந்துரும். மாட்டுச் சாணில பாத்ததில்லையா நீயி? முத்து முத்தாக் கெடக்குமே. அதுக்குத் தூக்கி ரோட்டுல வீசலாம்."

அவர் சொன்னதும் உண்மைதான். மாட்டுச் சாணியில் நானும் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரமே, குட்டி போடுவதற்கு முன்னால் தடுப்பூசி போட கால்நடை டாக்டரம்மா வந்தார். ரெயின்கோட்டும் முழங்கால்வரை ரப்பர் பூட்சுமாக வந்து, ஆட்டை இரண்டு தொடைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஊசி போட்டதைப் பார்த்ததுமே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. கணவர் ஆடுகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"டாக்டரம்மா, செம்மறிக்கு மக்காச்சோளத்த அரைக்காமப் போடலாங்களா?"

"தாராளமா போடலாமே. எதுக்கு அரைக்கிறீங்க?"

என் கணவர் நிமிர்ந்தார். "மாட்டுச் சாணில முழுசு முழுசா வருதுங்களே டாக்டரம்மா?"

"அது மாடுங்க. அவசர அவசரமா முழுங்கும். செம்மறி அப்படி இல்ல, பொறுமையா மென்னு திங்கும். அதோட பல்லுதான் அதுக்கு மெஷின்" என்றார். கையிலிருந்த ஆட்டின் உதட்டை விலக்கிக் காட்டினார். "இன்னும் சொல்லப்போனா, ரொம்ப நைசா அரைச்சுப் போட்டாத்தான் வயித்துல சீக்கிரம் புளிச்சுப் போகும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. முழுசோ மாவோ, திடீர்னு நெறயப் போடக்கூடாது. ஒரு கைப்பிடில ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். பல்லு போன கெழட்டு ஆடு இருந்தா, அதுக்கு மட்டும் ஒடைச்சுக் கொடுங்க."

"இத்தன வருசமா எங்கூர்ல எல்லாரும் அரைச்சுத்தானுங்களே..." என்று கணவர் இழுத்தார்.

"அரைக்கிறவங்க அரைக்கட்டும். நீங்க போட்டுப் பாருங்க, புழுக்கையப் பாருங்க. அதுலயே தெரிஞ்சுடும்" என்றார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலம் தவிட்டோடு ஒரு கைப்பிடி முழுச் சோளத்தைக் கலந்து தொட்டியில் போட்டோம். ஆடுகள் முதலில் தவிட்டை நக்கின. பிறகு ஒன்று ஒரு மணியைக் கடித்தது. 'மொறுக்' என்று ஒரு சத்தம். அடுத்தது, அதற்கடுத்தது. சற்று நேரத்தில் கொட்டகை முழுவதும் கல்யாண வீட்டுப் பந்தியில் அப்பளம் நொறுக்குவது மாதிரி இருந்தது. மாவு தின்னும்போது மூக்கில் ஏறித் தும்முகிற கிடா அன்றைக்கு ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

மூன்றாம் நாள், விடிந்து நன்றாக வெளிச்சம் வந்ததும், கணவர் கொட்டகைக்குக் கீழிருந்து புழுக்கையை வாளியில் அள்ளி வந்தார். குழாயடியில் பழைய சல்லடையை வைத்து, நான் தண்ணீர் ஊற்ற, அவர் கையாலேயே உடைத்துக் கழுவினார். ஊட்டிக்குப் போகிற பஸ் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மெதுவாகத்தான் போகும். அதிலிருந்தவர்கள் எல்லாம் புருஷனும் பொண்டாட்டியும் ஆட்டுப் புழுக்கையைச் சலிப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சல்லடையில் புல் நார்தான் நின்றது. அங்கங்கே சோளத்தின் மேல்தோல். முழு மணி என்று பார்த்தால் ஒன்றிரண்டுதான். அவர் நம்பவில்லை. "ஒரு வாளிய வச்சுச் சொல்ல முடியாது" என்றார். மறுநாளும் கழுவினோம். அதற்கு மறுநாளும். ஒரு நாள் மட்டும் நாலைந்து மணிகள் சேர்ந்தாற்போலக் கிடைத்தன. "பாத்தியா!" என்று எழுந்துவிட்டார். எந்த ஆடு என்று இரண்டு நாள் கண்காணித்ததில், முன்பல்லில் இரண்டும், கடைவாயில் பாதியும் போன மூத்த பெட்டைதான் என்று தெரிந்தது. அதற்கு மட்டும் நான் தினமும் ஒரு பிடியை நனைத்து, அம்மிக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தேன். ஈரச் சோளத்தில் தூசி பறக்காது. பத்து நிமிஷ வேலை.

சோளத்தை நாளுக்கு நாள் மெல்லக் கூட்டி, இரண்டு வாரத்தில் அரைப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம். என் நெஞ்சில் இருந்த விசில் அதற்கு முன்பே அடங்கிவிட்டது. ஒரு திங்கட்கிழமை எழுந்து பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், முந்தின நாளிலிருந்து ஒருமுறைகூட இருமவில்லை. பிரஷை வாயில் வைத்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.

ஆஸ்பத்திரிச் சீட்டை ஆபீசில் காட்டி வேலைக்குத் திரும்பினேன். அது மட்டும் போதாது என்று தோன்றியது. முதல் நாள் காலையில் பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் எல்லோரையும் நிற்க வைத்து, இருமலைப் பற்றியும், எட்டு நாள் மறைத்ததைப் பற்றியும் சொல்லிவிட்டேன். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றேன். சிலர் முகம் சுருங்கியது. ஒருத்தி, "இப்பவாச்சும் சொன்னீங்களேக்கா" என்றாள். இந்தி தெரிந்த ஒரு பெண் ஜார்க்கண்ட்காரியிடம் விளக்கிச் சொன்னாள். அவள் சீட்டை வாங்கி, எழுத்து தெரியாத மொழியில் இருந்ததை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு முதுகிலிருந்து துணியை அவிழ்த்தாள். குழந்தை கொஞ்ச நாளில் நன்றாகக் கனத்திருந்தது. என் கைக்கு வந்ததும் என் மூக்கைப் பிடித்து இழுத்தது. அதன் கன்னத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ, மேஸ்திரி வந்து விசில் ஊதிய பிறகுதான் பெண்கள் கலைந்தார்கள்.

ஆவணியில் ஆடுகள் குட்டி போட்டன. ஒரு குட்டி மட்டும் தங்கவில்லை. மற்றதெல்லாம் திடமாக எழுந்து நின்றன. பல் போன மூத்த பெட்டைக்கு இரட்டைக் குட்டி. இரண்டுக்கும் பால் போதுமான அளவு இருந்தது. அரைக்கிற மெஷினைக் காயவைத்து, துடைத்து, நடுவட்டத்தில் கேழ்வரகு அரைக்கிற ஒரு கடைக்காரரிடம் தள்ளிவிட்டோம். பின்கட்டு அறையைக் கழுவி ஜன்னலைத் திறந்து வைத்தேன். இப்போது அதில் வெங்காயமும் என் தையல் மெஷினும் இருக்கின்றன.

போன மாதம் ஊட்டிக்குப் போக பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். டீக்கடையில் என் கணவர் ஒரு படுகர் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் நிறைய செம்மறி வைத்திருப்பவர். நான் பின்னால் நிற்பதை இருவரும் கவனிக்கவில்லை.

"அரைக்கவே கூடாதுங்க" என்று என் கணவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். "செம்மறிக்குப் பல்லுதானுங்க மெஷினு. நான் மொத நாள்ல இருந்தே சொல்லிட்டிருந்தேன், ஊட்ல இவதான் அரைச்சு அரைச்சு ஒடம்பக் கெடுத்துக்கிட்டா."

பெரியவர் அதிசயத்தோடு தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, அது வளைவு திரும்புகிறவரைக்கும் சத்தமாகச் சிரித்தேன். மூச்சு எங்கேயும் தடைபடவில்லை.